ஏ பிளாக்கில் பன்னிரண்டு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 7.40.

ஏ பிளாக் லிஃப்ட் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவள் வேண்டா. துடைப்பமும் வாளியுமாகத் தரைத்தளத்தில் உள்ளே ஏறி, நாலாம் எண்ணை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. லிஃப்ட் மட்டும் அசையவில்லை. மூன்றை அழுத்தினாள், இரண்டை அழுத்தினாள், கதவை ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தாள். ஊஹூம்.

இது நடந்தது படூரில், கடலோசை அபார்ட்மெண்ட்ஸில். கடல் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கேட்கிற ஓசையெல்லாம் ஓ.எம்.ஆர். சாலை லாரி ஹாரன்தான். இரண்டு பிளாக், முப்பத்திரண்டு வீடு. வேண்டா அங்கே ஹவுஸ்கீப்பிங் மேஸ்திரி. சொந்த ஊர் அச்சரப்பாக்கம், வயது நாற்பத்தாறு. வரிசையாகப் பெண்ணாய்ப் பிறந்ததில் நாலாவது என்பதால் அப்படியொரு பெயர். வைத்தவர்களைக் கூட்டிவந்து ஒரு நாள் இங்கே நிறுத்த வேண்டும். அவள் லீவு போட்டால் முப்பத்திரண்டு வீடும் முழி பிதுங்கிப் போவதை அவர்கள் பார்க்க வேண்டாமா?

மணி எட்டு அடிப்பதற்குள் குடியிருப்போர் வாட்ஸப் குழு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது. மோகன்.

மோகன் வேண்டாவின் அண்ணன் மகன். அவனுக்கும் ஊர் அச்சரப்பாக்கம், இப்போது கேளம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறான். இருபத்தேழு வயது, கீர்த்தனாவோடு கல்யாணமாகி நாலு மாதம். இதுவரை எவரெவரிடமோ கூலிக்கு ஒயர் இழுத்தவன், லைசென்ஸ் வாங்கித் தன் பெயரில் எடுத்த முதல் வேலை ஏ பிளாக்கின் மொத்தக் கரண்டும் வந்து பிரிகிற எலெக்ட்ரிக் பேனல்தான். டிசம்பர் மழையில் அடித்தளப் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர் ஏறி, பேனல் நனைந்து, இரண்டு நாள் பிளாக்கே இருட்டாகக் கிடந்தது. அதனால் பேனலைத் தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்து அறைக்கு ஏற்றிவிடலாம் என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. அத்தையும் பரிந்துபேச, நாலு-ஏ வீட்டு ஜானகிராமனும் பரிந்துபேச, வேலை மோகனுக்கு வந்தது. புதன்கிழமை முடித்தான்.

பேனல் மேலே ஏறினால் ஒயர் எட்டாது. ஆறடி போதவில்லை. ஒவ்வொரு ஒயருக்கும் ஜாயிண்ட் போட்டுத்தான் நீட்ட வேண்டும், வேறு வழியே கிடையாது. ஆனால் ஜாயிண்ட் என்ற சொல் காதில் விழுந்தாலே நம் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ‘ஜாயிண்ட் போட்டான் இல்ல, அதான்’ என்று இரண்டு-சி வீட்டுக்காரர் எழுத, அதன் கீழே பதினொரு கட்டைவிரல்.

8.05க்குச் செயலாளர் ராமதாஸ் அறிவித்தார்: பதினோரு மணிக்கு அவசரக் கூட்டம். மோகனுக்கு இனி வேலை கொடுப்பதில்லை என்று தீர்மானிப்பது, அதோடு ஓ.எம்.ஆர். முழுக்க உள்ள அபார்ட்மெண்ட் செயலாளர்கள் குழுவிலும் அவன் பெயரைப் போட்டு எச்சரிப்பது. ராமதாஸ் கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் யோசிக்காமல் தட்டச்சு செய்கிறவர், அவ்வளவுதான். ஆனால் அந்த எச்சரிக்கை மட்டும் போய்விட்டால், படூரிலிருந்து திருப்போரூர் வரை ஒரு கேட் வாட்ச்மேன்கூட மோகனை உள்ளே விடமாட்டான். வேண்டா உடனே மோகனை ஃபோனில் கூப்பிட்டாள்.

மணி 8.20. மோகன் பைக்கில் வந்து இறங்கினான்.

“அத்தையாண்ட மறைக்காத. எதனா தப்பு பண்ணிகீறியா?”

“இல்ல அத்த. தப்பா மாட்டியிருந்தா மொத நாளே லிஃப்ட் ஓடியிருக்காது. வியாழன், வெள்ளி, சனி மூணு நாளு ஓடிச்சே.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பொய் சொன்னால் இடது காது சிவக்கும். சிவக்கவில்லை. போதும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

மணி 8.45. லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் ஜெரோம் வந்தான். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுவிட்டார்களே என்ற சலிப்போடு பத்து நிமிடம் நோண்டிவிட்டு இறங்கி வந்தான்.

லிஃப்டில் ஒன்றுமில்லை என்றான். உள்ளே வருகிற மூன்று கரண்ட் ஒயரில் இரண்டு இடம் மாறியிருக்கிறது. அப்படி மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மேலே போகச் சொன்னால் கீழே போகும். அந்த ஆபத்து வராமலிருக்க லிஃப்டுக்குள்ளேயே ஒரு காவல் கருவி உண்டு. மாறியது தெரிந்ததும் அது லிஃப்டை நகரவிடாது.

ராமதாஸ் விடவில்லை. ஜாயிண்ட் லூசாகி அப்படி ஆகியிருக்கும் என்றார்.

“லூசானா ஒரு ஒயர்ல கரண்ட் வராது சார். எடம் மாறாது. ஒயருக்கு இன்னா காலா கீது, தானா எழுந்து பக்கத்து வூட்டுக்குப் போக?” என்றான் ஜெரோம்.

அப்படியானால் வெளியே மின்வாரிய லைனில் மாறியிருக்குமோ? டிரான்ஸ்ஃபார்மரில் வேலை நடந்தால் சில சமயம் அப்படியும் ஆவதுண்டு. வேண்டா நேரே பி பிளாக்குக்கு நடந்தாள். இரண்டு பிளாக்குக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். பி பிளாக் லிஃப்டில் ஏறி மேலே போனாள், கீழே வந்தாள். ஜம்மென்று ஓடியது. அப்படியென்றால் மாறியது ஏ பிளாக்குக்கு உள்ளேதான்.

மணி 9.10. பேனல் அறை. பூட்டு உடையவில்லை. சாவி வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கும். ஏழு மணிக்கு வாட்ச்மேன் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

மோகன் முதலில் சுவரில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தான். உள்ளே அவன் போட்ட ஜாயிண்டுகள். பழைய ஒயரும் புது ஒயரும் ஒரு செப்புக் குழாய்க்குள் முனையோடு முனை சேர்ந்து, அழுத்தி நசுக்கப்பட்டு, மேலே சூட்டில் சுருங்கிய ரப்பர் உறை இறுக்கிப் பிடித்திருந்தது. கத்தி வைக்காமல் பிரிக்க முடியாது. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. ஜாயிண்ட் பாவம் ஒரு தப்பும் செய்யவில்லை.

பிறகு பேனல் கதவைத் திறந்தான். லிஃப்ட் சுவிட்சில் மூன்று ஒயரும் ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும் இடம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று இருக்க வேண்டியது, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று இருந்தது.

“தோ பாரு அத்த,” என்று டார்ச்சை அடித்தான்.

ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு மெல்லிய மெரூன் கோடு. ஸ்க்ரூவை முறுக்கி முடித்ததும் அப்படி ஒரு கோடு இழுத்துவிடுவது அவன் வழக்கம். பிறகு ஸ்க்ரூ தானாகத் தளர்ந்தாலும், யாராவது திருப்பினாலும் கோடு முறிந்துபோகும். சிவப்பு ஒயரின் ஸ்க்ரூவில் கோடு முழுசாக இருந்தது. மற்ற இரண்டிலும் முறிந்து, தலை ஒரு பக்கம் தகடு ஒரு பக்கமாக நின்றது.

“இது கீர்த்தனாவோட நெயில் பாலிஷ்தான?”

மோகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரத்திலும் வேண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யாரோ புதனுக்கு அப்புறம் திறந்து மாற்றியிருக்கிறார்கள் என்பது நிச்சயம். ஆனால் ராமதாஸ், இவனே வந்து மாற்றியிருந்தால் என்ன என்று கேட்டார். காலையில் எங்கே இருந்தாய்? வீட்டில். பார்த்தது யார்? கீர்த்தனா. பெண்டாட்டி சாட்சி எடுபடாது என்றார் ராமதாஸ். அவரவர் வீட்டு அனுபவம்.

வேலை கைவிட்டுப் போன பழைய எலெக்ட்ரீஷியன் தாவீது பெயரும் வந்தது. வேண்டா அங்கேயே ஃபோன் போட்டாள். தாவீது ஆறரை மணி பூசையில் பாட்டுக்குழுவோடு நின்றுகொண்டிருந்தார், எட்டு மணிக்குத்தான் வெளியே வந்தார். சர்ச்சில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அது தீர்ந்தது.

மணி 9.40. படிக்கட்டில் உட்கார்ந்து வேண்டா யோசித்தாள். காலையில் அவள் இரண்டாவது மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது. போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் லிஃப்டில் ஏறி வந்திருந்தாள்; நன்றாகத்தான் ஓடியது. மாற்றியது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான்.

“ஏன்டா, லிஃப்ட் ஒயர மாத்தறதுக்குப் பில்டிங் மொத்தமும் அணைக்கணுமா?”

“வேணாம் அத்த. லிஃப்டுக்குப் போறத மட்டும் அணைச்சா போதும். மொத்தமா அணைச்சிகீறாங்கன்னா, ஒண்ணு ரொம்ப பயந்த ஆளு. இல்லாட்டி ரொம்பத் தெரிஞ்ச ஆளு. கம்பத்துல ஏறி வேலை பாத்தவங்க மெயினைப் புடுங்காம கை வைக்க மாட்டாங்க.”

பயந்த ஆள் கரண்ட் பெட்டி பக்கமே வரமாட்டான். வேண்டா ஃபோனை எடுத்து வாட்ஸப் குழுவைக் காலையிலிருந்து படித்தாள்.

7.11, மூன்று-சி: கரண்ட் போச்சா, எங்களுக்கு மட்டுமா?
7.12, இரண்டு-ஏ: இங்கேயும் இல்லை.
7.14, ஒன்று-டி: பி பிளாக்கில் இருக்கிறது.
7.17, ராமதாஸ்: யாராவது ஈ.பி.யில் விசாரிக்கவும்.
7.22, மூன்று-சி: வந்தாச்சு.

இரண்டு தடவை படித்தாள். பிறகு மேலே தள்ளித் தள்ளிப் போன வாரம், போன மாதம், ஆறேழு வருடம் முன்னால் என்று கரண்ட் போன நாட்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தாள். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

மணி 10.00. நாலாவது மாடி வரை நடந்தே ஏறினாள். நாலு-பி கதவு திறந்து கிடந்தது. வீடு முழுக்க அட்டைப் பெட்டி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஆராவமுதனும் மனைவி வத்சலாவும் இன்றைக்குத்தான் காலி செய்துகொண்டு பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. மகள் சாருலதா ஃபோனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். எட்டரைக்கே வந்துவிட்ட லாரி ஆட்கள் கைகட்டி நின்றார்கள். பீரோவையும் ஃப்ரிட்ஜையும் நாலு மாடி படியில் இறக்க முடியாது, லிஃப்ட் சரியாகாவிட்டால் அடுத்த ஞாயிறுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆராவமுதன் மட்டும் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேண்டாவின் பார்வை ஒரு கணம் அவர்மேல் நின்றது. வத்சலா அதைப் பார்த்துவிட்டாள்.

“இவரையா பாக்கறே? பல்பு மாத்தணும்னாலும் பக்கத்தாத்துக்காரரைத்தான் கூப்பிடுவார். ஒம்பது வருஷமா அப்படித்தான் ஓடிண்டிருக்கு,” என்றாள்.

பக்கத்து வீடு நாலு-ஏ. ஜானகிராமன். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருடம். காலை இரண்டாவது காபி வத்சலா கையால், சாயந்திர நடை ஆராவமுதனோடு. மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு வருவார்கள்.

வேண்டா மோகனையும் கூட்டிக்கொண்டு நாலு-ஏ-க்குள் போனாள். ஜானகிராமன் நாற்காலியில் இருந்தார். எதிரே டீப்பாயில் காபி ஆடை கட்டிக் கிடந்தது. கையில் ஃபோன்.

“சார், ஒயர மாத்தனது நீங்கதான்,” என்றாள் வேண்டா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

வேண்டா நின்றபடியே சொன்னாள். பில்டிங் மொத்தமும் அணைத்துவிட்டுக் கை வைத்தவர் கம்பம் ஏறியவர். அந்த மாதிரி ஆள் இந்த பிளாக்கில் ஒருவர்தான். ஆனால் அது மட்டும் போதாது, வெளியிலிருந்து அப்படி ஒருவரைக் கூட்டிவந்து வேறு யாராவது செய்திருக்கவும் கூடும்.

“கரண்ட் போனா ரெண்டாவது நிமிஷம் உங்க மெசேஜ் வரும் சார். ‘ஈ.பி.யில் பேசினேன், இன்ன கோளாறு, இத்தினி மணிக்கு வரும்.’ ஜுரத்துல படுத்துகினு இருந்தப்பகூட போட்டீங்க. உங்க சம்சாரம் காரியத்தன்னிக்குக்கூட போட்டீங்க, நான் தேடிப் பாத்தேன். இன்னிக்கு ராமதாஸ் சாரே கேட்டும் நீங்க ஒரு வார்த்த போடல. ஏன்னா இன்னிக்கு நீங்க யாராண்டயும் விசாரிக்கத் தேவையில்ல.”

ஜானகிராமன் ஃபோனை அவள் பக்கம் திருப்பினார். அனுப்பாத ஒரு செய்தி அதில் பாதியில் நின்றது. ‘ஈ.பி. லைனில் ஒயர் இடம் மாறியதால்...’

அவர் திட்டம் அதுதான். லிஃப்டைக் காலியாகக் கீழே இறக்கி நிறுத்தி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மெயினை அணைத்து இரண்டு ஒயரை மாற்றினார். வாரியத்து லைனில் மாறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காது, நாளைக்குத்தான் என்று ஒரு செய்தி. அவர் சொன்னால் ஏ பிளாக் எதையும் நம்பும். லாரி திரும்பிப் போகும். திங்கட்கிழமை காதும் காதும் வைத்தாற்போல் மாற்றி வைத்துவிடலாம்.

“ஒரு வாரம்தான் வேண்டாம்மா. ஆராவமுதன் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்னு பாத்தேன். இதை வாயைத் தொறந்து யாராண்ட கேக்கறது? கேட்டா இன்னா பதில் வரும்னும் தெரியும்.” அவர் ஃபோனை டீப்பாயில் வைத்தார். “மெசேஜ அடிச்சுட்டேன். அனுப்ப முடியல. முப்பத்தஞ்சு வருஷம் அங்க சோறு தின்னவன். பண்ணாத தப்ப என் ஆளுங்க தலையில எப்படிக் கட்டறது?”

“நீங்க அனுப்பாததால என் பையன் தலையில விழுந்துச்சு சார்.”

அவர் மோகனைப் பார்த்தார். இந்தப் பையனுக்காகச் சங்கத்தில் மேஜையைத் தட்டிப் பேசியவர் அவர். அவன் ஜாயிண்ட் போட்ட மூன்று நாளும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இந்தக் காலத்தில் இப்படிச் சுத்தமாக வேலை செய்கிற பையனா என்று அடுக்ககம் முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் அவர்தான். எட்டு மணியிலிருந்து குழுவில் ஓடிய ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மோகன்தான் முதலில் பேசினான். “சார், கூட்டத்துல நீங்க சொல்ல வேணாம். நானே ஏதோ தப்பா மாட்டிட்டேன்னு சொல்லிட்டு மாத்திக் குடுத்துடறேன். உங்க பேரு கெட வேணாம்.”

வேண்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்ற கோபம்.

ஜானகிராமன் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தும் பிரயோஜனமில்லை, நனைந்திருந்தது கண்ணாடி அல்ல.

“எனக்கு எழுவத்தொண்ணு. இனிமே என் பேரு கெட்டா இன்னா, கெடாட்டி இன்னா. உனக்கு இப்பதான் பேரே ஆரம்பிக்குது. நட.”

மணி 11.00. கூட்டம். ராமதாஸ் தாளைப் பிரித்துப் படிக்க வாயெடுக்கும் முன் ஜானகிராமன் எழுந்து நின்றார். சுற்றி வளைக்கவில்லை. என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன், ஏன் செய்தேன் என்று மூன்றையும் சொன்னார். மோகனின் ஜாயிண்ட் ஒவ்வொன்றும் இந்தக் கட்டிடம் நிற்கிற வரைக்கும் நிற்கும் என்றார். அபராதமோ போலீஸோ சங்கம் எது சொன்னாலும் சரி என்றார். பிறகு மோகனைப் பார்த்துக் கை கூப்பினார்.

இரண்டு-சி தன் செய்தியை அவசரமாக அழித்தார். ராமதாஸ் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“தம்பி, நான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னுது. பி பிளாக் பேனலையும் நீயே மேல ஏத்திக் குடு. செயலாளர்கள் குழுவுல உன் பேரைப் போடத்தான் போறேன், ஆனா வேற மாதிரி.”

கடைசி வரிசையில் வத்சலா மூக்கைச் சிந்தினாள். சாருலதா தரையைப் பார்த்தாள். ஆராவமுதன் எழுந்து எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து ஜானகிராமன் எதிரே நின்றார்.

“ஓய், போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

“சொன்னா இருந்துடுவியா சாமி?”

ஆராவமுதன் திரும்பிச் சாருலதாவைப் பார்த்தார். மகளுக்கும் அவர் வேண்டும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மணி 11.40. பேனல் அறை. மோகன் மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை ஜானகிராமனிடம் நீட்டினான். வேண்டுமென்றால் அவனே இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பான். அவர் வாங்கிக்கொண்டார். மஞ்சளைக் கழற்றி மஞ்சள் இடத்தில் வைத்தார், நீலத்தை நீலத்தின் இடத்தில். இந்த ஸ்க்ரூ இறுகினால் லிஃப்ட் ஓடும், லிஃப்ட் ஓடினால் லாரி கிளம்பும். தெரிந்தே இறுக்கினார், ஒரு சுற்றுகூடக் குறைக்காமல்.

லிஃப்ட் ஓடியது. பீரோ இறங்கியது, ஃப்ரிட்ஜ் இறங்கியது, இருபத்திரண்டு அட்டைப் பெட்டியும் இறங்கின. வத்சலா வேண்டாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு இறங்கினாள்.

மணி 1.15. நாலாவது மாடியில் மிச்சமிருந்தது ஆராவமுதனும் ஜானகிராமனும்தான். வேண்டா லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆராவமுதன் லிஃப்டைப் பார்த்தார், பிறகு தன் இரண்டு முழங்காலையும் பார்த்தார். இரண்டுமே தேய்ந்துபோனவை, டாக்டர் படி ஏறாதே இறங்காதே என்று சொல்லியிருந்தார்.

“இதுல போனா அரை நிமிஷம். படில எறங்கினா எனக்கு எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். வாரும் ஓய்,” என்று ஜானகிராமன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் இறங்கத் தொடங்கினார்கள். ஒரு படி, ஒரு பேச்சு, ஒரு படி. மூன்றாவது மாடியில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது மாடியில் எதற்கோ சண்டை போட்டார்கள். சாருலதா கீழே காரில் காத்திருந்தாள், ஹாரன் அடிக்கவில்லை. அவர்கள் தரைத்தளத்துக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.